டம்பெல்: இதில் ‘பெல்’ எங்கிருந்து வந்தது?

#1 செவ்வந்தி

உடற்பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை. டம்பெல் என்ற இடத்தில் நிற்கிறேன். டம் என்றால் ஊமை, பெல் என்றால் மணி, ஆக ‘ஊமை மணி’ என்று பிரித்துச் சொல்கிறார்கள். கையில் பிடித்துத் தூக்கும் இரும்புக்கும் மணிக்கும் என்ன உறவு?

தேடியதில் மூன்று விளக்கங்கள் அகப்பட்டன. கைமணியின் நாக்கைக் கழற்றிவிட்டு எடையாகத் தூக்கினார்கள் என்பது ஒன்று. டம் என்பது இங்கே முட்டாள் என்ற பொருளில் வந்தது, தூக்கத்தான் தெரியும், அறிவு இல்லை என்ற கிண்டல் என்பது இன்னொன்று. தேவாலய மணி அடிப்பது போன்ற ஒரு கயிற்றுப் பொறியின் பெயர் இது என்பது மூன்றாவது. எது சரி? தமிழில் என்ன எழுதலாம்? இரண்டு கேள்விக்கும் சேர்த்தே பதில் வேண்டும்.

#2 எடைப்படி

மூன்றாவதுதான். இது ஊகம் இல்லை, அச்சுச் சான்று இருக்கிறது.

ஆங்கிலக் கட்டுரையாளர் ஜோசப் அடிசன் 1711 ஜூலை 12 அன்று தி ஸ்பெக்டேட்டர் இதழின் 115-ஆம் எண்ணில் உடற்பயிற்சி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கில அகராதிகள் இந்தச் சொல்லுக்கு வழக்கமாகக் காட்டும் மேற்கோள் அதில்தான் இருக்கிறது. ஊரில் இருக்கும் நாட்களில், அறையின் மூலையில் வைத்திருக்கும் ஒரு டம்பெல்லில் தினமும் காலை ஒரு மணி நேரம் பயிற்சி செய்வதாகவும், தான் கேட்பதையெல்லாம் அது பேரமைதியோடு செய்து தருவதால் இன்னும் பிடித்திருக்கிறது என்றும் சொல்கிறார். வீட்டுக்கார அம்மாவுக்கும் அவர் பெண்களுக்கும் இந்தப் பழக்கம் தெரியுமாம். அதனால் அவர் ‘மணி அடித்துக்கொண்டிருக்கும்போது’ யாரும் உள்ளே வந்து தொந்தரவு செய்வதில்லையாம்.

அந்த வினையைக் கவனியுங்கள். தூக்கும்போது என்றோ சுழற்றும்போது என்றோ எழுதவில்லை. மணி அடிக்கும்போது என்று எழுதுகிறார். ஓசை வராத மணியை அவர் அடித்துக்கொண்டிருக்கிறார்.

முட்டாள் விளக்கத்தை இப்போதே தள்ளிவிடலாம். ஆங்கிலத்தில் டம் என்பதற்குப் பழைய பொருள் பேச்சற்ற என்பதுதான். மூடன் என்ற பொருள் ஜெர்மன் மொழியின் டும் என்ற சொல்லின் செல்வாக்கால் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பரவியது. ஒருவரை டம்பெல் என்று திட்டுவது அதற்கும் பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அமெரிக்கக் கொச்சை. பொருளின் பெயர் முந்தியது, வசை பிந்தியது.

#3 இரும்புப்பட்டறை

ஒரு சந்தேகம். ‘அறையின் மூலையில் வைத்திருக்கும் டம்பெல்’ என்பது இன்றைய கை எடையாகவும் இருக்கலாமே? வீட்டில் பயிற்சி செய்கிறவர்கள் டம்பெல்லை மூலையில்தான் போட்டு வைப்பார்கள். மணி அடிப்பது என்பது அவர் செய்த சொல் விளையாட்டாக இருந்தால்?

#4 எடைப்படி

நியாயமான கேள்வி. பதில் அந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது, அடுத்த பத்தியில்.

இளைஞனாக இருந்தபோது இதைவிடக் கடினமான பயிற்சி ஒன்று செய்ததாகவும், உடற்பயிற்சி பற்றிய ஒரு லத்தீன் நூலில் அதைக் கற்றதாகவும் சொல்கிறார். நிழலோடு சண்டை என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் அதற்கு: ஸ்கியோமாக்கியா. கைக்கு ஒன்றாக இரண்டு குட்டையான கோல், ஒவ்வொரு கோலின் இரண்டு முனையிலும் ஈயக்கட்டி. அவற்றைப் பிடித்து வீசினால் மார்பு விரியும், கைகால் உழைக்கும், அடி வாங்காமலே குத்துச்சண்டையின் இன்பம் கிடைக்கும் என்கிறார்.

குட்டைக்கோல், இரண்டு முனையிலும் எடை, கைக்கு ஒன்று. இதுதானே இன்றைய டம்பெல்! ஆனால் அவர் அதை டம்பெல் என்று சொல்லவில்லை. முந்தின பத்தியில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியவர், இங்கே அதைத் தொடவே இல்லை. ஆக, 1711-இல் இரண்டு பொருள்களும் இருந்தன. டம்பெல் என்ற பெயர் ஒன்றுக்குத்தான் இருந்தது, அதுவும் நாம் இன்று அப்படி அழைக்காத பொருளுக்கு.

கை எடை சத்தம் போடாது என்பதை யாரும் வியந்து எழுதவும் மாட்டார்கள். சத்தம் போட வேண்டிய ஒன்று போடாமல் இருந்தால்தான் வியப்பு.

#5 மணிக்கூண்டு

பொறி எப்படி வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். அது புரியாவிட்டால், மணி அடிப்பது எப்படி உடற்பயிற்சி ஆகும் என்பதே விளங்காது. நம் ஊர்க் கோயிலில் காண்டாமணியின் கயிற்றை இழுத்தால் நாக்கு அசைந்து மணியில் படும், அல்லது மணி கொஞ்சம் ஊசலாடும். அதை மனத்தில் வைத்துப் படித்தால் ஏமாந்து போவோம்.

இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த முறை வேறு. மணி ஒரு கட்டையில் பூட்டப்பட்டிருக்கும். கட்டையின் பக்கத்தில் ஒரு பெரிய மரச்சக்கரம், சக்கரத்தின் விளிம்பில் கயிறு. தொடங்கும்போது மணி வாய் மேலே பார்த்தபடி, தலைகீழாக நிற்கும். கயிற்றை இழுத்தால் மணி கீழே பாய்ந்து மறுபக்கம் ஏறி, ஏறக்குறைய ஒரு முழு வட்டம் சுற்றி, மறுபடி வாய் மேலே பார்க்க நிற்கும். அடுத்த இழுப்புக்கு எதிர்த்திசையில் அதே சுற்று. நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள மணியை இப்படி மாறி மாறிச் சுற்ற வைக்க வேண்டும்.

இதில் முரட்டு பலத்தைவிட நேரம் அறிந்த இழுப்பு முக்கியம். அளவுக்கு மீறி இழுத்தால் மணி உச்சியைத் தாண்டப் பார்க்கும். அதைத் தடுக்க மேலே ஒரு மரத்துண்டு இருக்கும். வேகம் மிஞ்சினால் அந்தத் துண்டு முறியும், மணி தடையின்றிச் சுற்றும், கயிறு மேலே பறக்கும். அப்போது கயிற்றை விட்டுவிடு என்பதுதான் பழகுபவருக்குக் கற்றுத் தரும் முதல் பாடங்களில் ஒன்று. பிடித்துக்கொண்டிருந்தால் ஆளையும் மேலே இழுத்துவிடும்.

இது வழிபாட்டுச் சடங்கு மட்டும் இல்லை, அக்கால இளைஞர்களின் விளையாட்டு. மணிகளை வரிசை மாற்றி மாற்றி அடிப்பதற்கென்றே 1668-இல் டிண்டினாலஜியா என்ற நூல் வந்தது. ஏழு மணிகளை ஒரு வரிசைகூடத் திரும்ப வராமல் அடித்தால் 5,040 வரிசைகள் வரும். அதை அடித்து முடிக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். உடல் வலிமைக்காக மணி அடிக்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

ஆனால் பழகும் நேரத்தில் ஊரே கேட்கும். அதற்குத்தான் மணி இல்லாத மணி.

#6 செவ்வந்தி

மணி இல்லாமல் எது சுற்றும்? வெறும் சக்கரமும் கயிறுமா? அதில் என்ன பளு இருக்கும்?

#7 மணிக்கூண்டு

வெறும் சக்கரம் போதாது. அதை ஈடுகட்டத்தான் ஈயக்குண்டு.

கென்ட் பகுதியில் செவனோக்ஸ் ஊரருகே நோல் என்ற பெரிய மாளிகை இருக்கிறது. அதன் மேல்மாடத்தில் டம்பெல் கேலரி என்றே பெயர் பெற்ற ஒரு நீண்ட கூடம், அதில் இப்படி ஒரு பொறி. படுக்கையாகப் பொருத்திய ஒரு மர உருளை. அதிலிருந்து நான்கு இரும்புக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு ஈயக்குண்டு. உருளையில் கயிறு சுற்றியிருக்கும்.

இயக்கம் கிட்டத்தட்ட கயிறு கட்டிய யோயோ போல. கயிற்றை இழுத்தால் உருளை சுழன்று கயிறு அவிழும். கயிறு முழுதும் அவிழ்ந்த பிறகும் குண்டுகளின் வேகம் அடங்காது, உருளை சுற்றிக்கொண்டே இருக்கும், கயிறு எதிர்ப்பக்கமாகத் தானே சுற்றிக்கொண்டு மேலே ஏறும். கையும் அதோடு மேலே போகும். ஏற்றம் நிற்கும் நொடியில் மறுபடி இழுக்க வேண்டும். முந்தி இழுத்தால் சுழலும் வேகத்தோடு முட்டி மோதுவீர்கள். பிந்தினால் கயிறு தொய்ந்து உருளையில் சுற்று பிசகும்.

குண்டுகளை நுனியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. சுழற்சிக்கு எதிரான தடை, எடையை மட்டும் பொறுத்ததில்லை, அச்சிலிருந்து உள்ள தொலைவின் வர்க்கத்தையும் பொறுத்தது. கணக்குக்காக ஒரு குண்டு 4 கிலோ, கையின் நீளம் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு குண்டுக்கும் சேர்த்து 4 × 4 × 0.25 = 4 அலகு. அதே குண்டுகளை கால் மீட்டரில் வைத்தால் 1 அலகுதான். அதே ஈயம், கால்பங்கு தடை. மாடத்துக்குள் அடங்கும் ஒரு பொறியிடம் பெரிய மணியின் கனத்தை வாங்க இதுதான் வழி.

மணி அடிக்கக் கற்றுத் தரும் இடங்களில் மணிக்குப் பதில் எடை கட்டிய சக்கரத்தை இன்றும் வைக்கிறார்கள். அதற்கு அங்கே டம்பெல் என்றுதான் பெயர்.

#8 பழஞ்சொல்

இந்த இழையைப் படித்தபோது ஒன்று பளிச்சென்று பட்டது. மணிக்குள் தொங்கும் உலோகத் துண்டைத் தமிழில் நாக்கு என்றுதானே சொல்கிறோம். நாக்கைக் கழற்றினால் மணி ஊமை. அதனால்தான் செவ்வந்தி சொன்ன முதல் விளக்கம், அதாவது நாக்கு கழற்றிய கைமணி, தமிழ்க் காதுக்கு அவ்வளவு பொருத்தமாகப் படுகிறது. பொருத்தமாகப் படுவது வேறு, உண்மை வேறு.

‘டம்’ போல, ஊமை என்பதை ஒலியற்ற என்ற அளவில் பொருளுக்கு முன் ஒட்டும் பழக்கம் நமக்கும் உண்டு. ஊமைப்படம் என்றால் பேச்சு வராத படம். இன்னும் ஒரு படி போய், வெளியே தெரியாத எதற்கும் ஊமை சேர்க்கிறோம்: ஊமைக்காயம், ஊமையடி, ஊமை வெயில். ஆங்கிலத்திலும் இதே வரிசை இருக்கிறது. மாடிக்கு மாடி சாப்பாட்டுத் தட்டை ஏற்றி இறக்கும் சின்ன லிஃப்டுக்கு டம்வெயிட்டர் என்று பெயர், பேசாத பரிசாரகன். விரல் பழக்கத்துக்காகச் செய்த, ஓசை எழாத விசைப்பலகைக்கு டம் பியானோ. டம்பெல்லும் அந்தக் குடும்பம்தான்.

#9 இரும்புப்பட்டறை

கைமணி விளக்கத்தைப் பொருளை வைத்தே தள்ளிவிடலாம். ஒரு கைமணியைக் கையில் பிடித்துப் பாருங்கள். பிடி ஒரு முனையில், கனம் முழுவதும் மறு முனையில். நீட்டிப் பிடித்தால் மணிக்கட்டு கீழ்நோக்கி மடங்கும். டம்பெல்லில் பிடி நடுவில், இரண்டு பக்கமும் சம எடை, அதனால் மணிக்கட்டில் திருகல் இல்லை. நாக்கைக் கழற்றிய கைமணி எப்படி வளர்ந்தாலும் டம்பெல் வடிவத்துக்கு வராது. கர்லாக்கட்டை வடிவத்துக்கு வேண்டுமானால் வரும்.

ஆனால் எடைப்படி அவர்களே, ஒரு இடைவெளி இருக்கிறது. கயிற்றுப் பொறியின் பெயர் கை எடைக்கு எப்போது, எப்படித் தாவியது?

#10 எடைப்படி

இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இது. சான்றுகளை வரிசையாக வைக்கிறேன்.

1531: தாமஸ் எலியட் என்ற அறிஞர் ஆளுநர்களுக்கான கல்வி நூலில் இளைஞர்களுக்கு ஏற்ற பயிற்சிகளைச் சொல்கிறார். அதில் ஒன்று, ஈயத்தாலோ வேறு உலோகத்தாலோ செய்த எடைகளோடு உழைப்பது. அவற்றுக்கு லத்தீனில் ஆல்டேரெஸ் என்று பெயர் என்றும் சேர்த்துச் சொல்கிறார். எடைக்கு அவர் போடும் ஆங்கிலச் சொல் பாய்ஸ். கை எடை இருக்கிறது, டம்பெல் என்ற பெயர் இல்லை.

1711: அடிசன். ஈயமுனைக் கோலும் இருக்கிறது, டம்பெல்லும் இருக்கிறது, இரண்டும் வெவ்வேறு.

1801: ஜோசப் ஸ்ட்ரட், இங்கிலாந்து மக்களின் விளையாட்டுகள் பற்றிய நூலில், பழைய ஈய எடைப் பயிற்சியைக் குறிப்பிட்டுவிட்டு, அது அந்த நிழற்சண்டையைப் போன்றதாக இருக்கலாம் என்றும், தம் காலத்திலும் சிலர் செய்கிறார்கள், அதற்கு ‘டம்பெல் அடித்தல்’ என்று பெயர் என்றும் எழுதுகிறார்.

ஆக, 1711-க்கும் 1801-க்கும் இடையில் பெயர் தாவிவிட்டது. தாவும்போது வினையையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கையில் ஈயத்தைப் பிடித்து வீசுவதையும் ‘மணி அடித்தல்’ என்றே சொன்னார்கள். கயிறு போய்விட்டது, சொல் போகவில்லை.

எப்படி என்பதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. வடிவம் ஒன்று: நோல் பொறியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு கைகளை மட்டும் தனியே பாருங்கள், ஒரு கம்பி, இரண்டு முனையிலும் குண்டு. இன்னொன்று வேலை: இரண்டுமே அறைக்குள் தனியாக, காலையில், உடலைச் சூடாக்கச் செய்வது. வீட்டில் மாடமும் உருளையும் இல்லாதவருக்குக் கை எடை போதும்.

#11 பினாங்கு வாசி

பெஞ்சமின் ஃபிராங்க்ளினை விட்டுவிட்டீர்களே. 1772-இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில், டம்பெல்லை நாற்பது முறை வீசியதில் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 60-இலிருந்து 100-க்கு ஏறியது, நொடிமுள் கடிகாரம் வைத்து எண்ணினேன் என்கிறார். அப்படியென்றால் 1772-இலேயே கை எடைதானே?

#12 எடைப்படி

அருமையான கடிதம், பயிற்சியை நேரத்தால் அளக்காமல் உடலில் எழும் சூட்டால் அளக்க வேண்டும் என்று அவர் வாதாடும் இடம். ஆனால் இந்தக் கேள்விக்கு அது சான்றாகாது. ‘வீச்சு’ என்ற சொல் கயிற்றுப் பொறியின் சுற்றுக்கும் பொருந்தும், கை எடைக்கும் பொருந்தும். கை எடை என்று உறுதியாகச் சொல்ல ஒரு சொல்லாவது கூடுதலாக வேண்டும்: கைக்கு ஒன்று என்றோ, இத்தனை ராத்தல் என்றோ. கடிதத்தின் அந்த இடத்தில் அது இல்லை. ஸ்ட்ரட்டின் வரிதான் உறுதியானது, அதையே வைத்துக்கொள்வோம்.

#13 பழஞ்சொல்

எலியட் சொன்ன ஆல்டேரெஸ் பற்றி ஒரு வார்த்தை. கிரேக்கத்தில் அது ஹால்டேரெஸ், தாவுதல் என்ற வினையிலிருந்து பிறந்த சொல். பெயரிலேயே வேலை இருக்கிறது: நீளம் தாண்டும்போது இரண்டு கையிலும் பிடித்துக்கொண்ட எடை. கிரேக்கத்தின் எலூசிஸில் கிடைத்த ஒரு ஈய ஹால்டேர் ஏறக்குறைய 1.9 கிலோ. இதைக்கொண்டு எபைனெட்டோஸ் தாவி வென்றான் என்று அதன்மேல் பொறித்திருக்கிறது.

எடையைத் தூக்கிக்கொண்டு தாவினால் தூரம் குறையும் என்றுதானே தோன்றும்? மினெட்டி, ஆர்டிகோ என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் நேச்சர் இதழில் கணக்கிட்டுக் காட்டினார்கள்: கைக்கு 3 கிலோ வீதம் பிடித்து நின்ற இடத்திலிருந்து தாவினால், 3 மீட்டர் தாவலில் குறைந்தது 17 சென்டிமீட்டர் கூடும். எழும்பும்போது கைகளை முன்னே வீசுவது, இறங்கும் முன் பின்னே தள்ளுவது என்ற இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை அது.

பிரெஞ்சில் டம்பெல்லுக்கு இன்றும் ஆல்டேர் என்றே பெயர், பளுதூக்குதலுக்கு ஆல்டேரோஃபிலி. ஈயின் பின்னிறக்கைகள் சுருங்கி, நுனியில் குமிழ் வைத்த இரண்டு சிறு காம்புகளாக மாறியிருக்கும், பறக்கும்போது உடல் திரும்புவதை உணர்வது அவைதான். பூச்சியியலில் அவற்றுக்கும் ஹால்டேர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வடிவம் பார்த்து வைத்த பெயர்.

ஜெர்மானியர் மணிப்பக்கமே போகவில்லை. அவர்கள் சொல் ஹன்டெல், கைப்பிடி என்ற பொருளில் வந்தது, ரஷ்யர்கள் அதையே கடன் வாங்கி கன்டெல் ஆக்கிக்கொண்டார்கள். இத்தாலியில் மனூப்ரியோ, அதுவும் கைப்பிடிதான்.

#14 பினாங்கு வாசி

சீனத்தில் நேர் எதிர். இங்கே ஜிம்மில் சீன நண்பர்கள் சொல்வது யாலிங். யா என்றால் பேச்சற்ற, லிங் என்றால் மணி, எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்ப்பு. ஜப்பானியரின் அரெய், கொரியரின் அர்யொங் எல்லாம் அதே எழுத்துகளின் வேறு ஒலிப்பு. நீளக் கம்பியின் இரு முனையிலும் எடை உள்ள பார்பெல்லுக்கு காங்லிங், கம்பி மணி. மேலே வளைந்த பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல்லுக்கு ஹூலிங், கெண்டி மணி. கயிறும் சக்கரமும் பார்க்காத மொழிகளில் மணி மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதை வைத்துக் கேட்கிறேன்: சீனத்தில் செய்தது தமிழில் ஏன் கூடாது? ஊமைமணி என்றே வைக்கலாமே.

#15 இரும்புப்பட்டறை

பார்பெல் பற்றிச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

பார்பெல் என்ற சொல்லில் எந்த மணியும் எந்தக் காலத்திலும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் நீளமான கம்பியில் குண்டு வைத்தபோது, டம்பெல்லில் இருந்த பெல்லை மட்டும் பிய்த்து, பார் என்பதோடு ஒட்டிக்கொண்டார்கள். ஹாம்பர்க் ஊர்ப்பெயரிலிருந்து வந்த ஹாம்பர்கரை உடைத்து, பர்கர் என்றால் ரொட்டி வகை என்று ஆக்கிக்கொண்டது போல. அதற்குப் பிறகு பெல் என்றாலே ‘தூக்கும் எடை’ என்று பொருள் வந்துவிட்டது. ரஷ்யர்களின் கீர்யாவுக்குக் கெட்டில்பெல் என்று ஆங்கிலப் பெயர் வைத்ததும் அப்படித்தான். கீர்யா என்றால் தராசில் வைக்கும் எடைக்கல். 16, 24, 32 கிலோ என்று அது வருவதற்குக் காரணம், பூட் என்ற பழைய ரஷ்ய நிறுத்தல் அளவு, 16.38 கிலோ. ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட்.

பழைய பார்பெல்லில் இரண்டு முனையிலும் உள்ளே வெற்றிடமுள்ள இரும்பு உருண்டை. அதற்குள் மணலோ ஈயச்சன்னமோ போட்டு எடையைக் கூட்டுவார்கள். பாதி நிரப்பினால் தூக்கும்போது உள்ளிருப்பது ஒரு பக்கம் சரியும், கம்பி சாயும். இரண்டு உருண்டைக்கும் எடை சரியாக ஒத்துப்போக நேரம் பிடிக்கும். இந்தத் தொல்லை தீர்ந்தது தகடு மாட்டும் முறை பரவிய பிறகுதான். இன்று போட்டிக் கம்பி ஆண்களுக்கு 20 கிலோ, 2.2 மீட்டர், பிடிக்கும் இடத்தில் 28 மில்லிமீட்டர். பெண்களுக்கு 15 கிலோ, 2.01 மீட்டர், 25 மில்லிமீட்டர். தகடு மாட்டும் முனை இரண்டிலும் 50 மில்லிமீட்டர்.

இப்போது ஊமைமணி. கையேடு படிப்பவர் “இரண்டு கையிலும் ஊமைமணியை எடுத்துக்கொள்க” என்ற வரியைப் பார்த்தால் பயிற்சியை விட்டுவிட்டு மணியைத் தேடுவார். பெயர் என்பது பொருளைக் கைக்குக் கொண்டுவர வேண்டும்.

#16 பழஞ்சொல்

ஊமைமணி வேண்டாம் என்பதற்கு என்னிடம் வேறு காரணம். மொழிபெயர்த்தால் பொருளை மொழிபெயர்க்க வேண்டும், அந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் நேர்ந்த விபத்தை மொழிபெயர்க்கக் கூடாது. மணி என்பது வேறொரு பொறியின் பெயரிலிருந்து மிஞ்சிய வால். அதைத் தமிழில் புதிதாக ஒட்டினால் இல்லாத ஒரு மணிக்கு நாம் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மேலும், மனிதரைக் குறிக்க ஊமை என்ற சொல்லை இன்று தவிர்க்கிறோம், புதுச்சொல்லில் அதை வலிந்து கொண்டுவரத் தேவையில்லை.

கர்லாக்கட்டை என்றும் எழுத வேண்டாம். சிலர் டம்பெல்லுக்கு அதைப் போட்டுவிடுகிறார்கள், அது தவறு. கர்லாக்கட்டை மரத்தில் கடைந்தது, ஒரு முனையில் மெலிந்த பிடி, பிடியின் நுனியில் குமிழ், மறு முனை பருத்தது. தோளைச் சுற்றி முதுகுப்பக்கம் இறக்கி வீசுவதற்கானது. கனம் கையிலிருந்து தள்ளி இருப்பதுதான் அதன் உயிர். இந்தக் குடும்பத்துக் கட்டைகளைப் பார்த்துத்தான் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டுக்கு எடுத்துப்போய் இந்தியன் கிளப் என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் ஊர் இருக்கும் ஒன்றை, டம்பெல்லுக்குக் கொடுத்துவிட்டால், கர்லாக்கட்டையை என்ன சொல்லி அழைப்பது?

இளவட்டக்கல்லும் வேறு. அது உருண்டைக் கல், பிடியே கிடையாது. குனிந்து அணைத்து, முழங்காலில் ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோள் வழியாகப் பின்னே போட வேண்டும். பிடி இல்லாததுதான் அதன் சோதனை.

#17 செவ்வந்தி

கைக்குண்டு? இரண்டு முனையிலும் குண்டுதானே இருக்கிறது.

#18 இரும்புப்பட்டறை

கைக்குண்டு என்றால் வெடிப்பது! செய்தித்தாளில் தினமும் அந்தப் பொருளில்தான் வருகிறது. குண்டு என்று மட்டும் போட்டாலும் குண்டு எறிதல் என்ற தடகளப் போட்டி குறுக்கே வரும். எடைக்கட்டை என்றால் மரம் என்று நினைப்பார்கள். கைப்பளு பரவாயில்லை, ஆனால் கெட்டில்பெல்லும் கைப்பளுதான்.

#19 பழஞ்சொல்

பெயர்கள் தமிழில் தாமாக எப்படி நிலைக்கின்றன என்பதற்கு இந்தத் துறையிலேயே ஒரு சான்று இருக்கிறது. யூஜின் சாண்டோ என்ற பயில்வான் 1904–05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். பிளந்த இரண்டு பாதிக்கு நடுவில் சுருள்வில்கள் வைத்து, பயிற்சி முடியும்வரை இறுக்கிப் பிடித்தே இருக்க வேண்டிய ஒரு டம்பெல்லையும் விற்றவர் அவர். வில்களின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக் கடினத்தை மாற்றலாம். அந்த டம்பெல் மறைந்துவிட்டது. ஆனால் உடற்கட்டு உள்ளவர்க்கு அடைமொழியாகச் சாண்டோ நின்றுவிட்டது, சாண்டோ சின்னப்பா தேவர் பெயரில் இருப்பது அதுதான். கை இல்லாத உள்சட்டைக்கும் சாண்டோ பனியன் என்கிறோம். யாரும் குழு போட்டு முடிவு செய்யவில்லை. மக்கள் வாயில் நின்றது.

அதே கணக்கில் டம்பெல்லும் நின்றுவிட்ட சொல். டம்பெல்ஸ், டம்பிள்ஸ் என்று பன்மையையே ஒருமையாக வைத்து “ஒரு டம்பிள்ஸ் கொடு” என்று கேட்பது வரை ஊறிவிட்டது. அணுவில் எலக்ட்ரான் இருக்கக்கூடிய பகுதிகளில் ஒன்றான பி ஆர்பிட்டாலின் வடிவத்தை வேதியியல் வகுப்பில் டம்பெல் வடிவம் என்றுதான் சொல்கிறோம், மாணவர்களுக்கு உடனே புரிகிறது.

#20 இரும்புப்பட்டறை

உடன்படுகிறேன். கையேட்டில் டம்பெல் என்றே போடுங்கள், ஒருமைக்கு டம்பெல், பன்மைக்கு இரண்டு டம்பெல். டம்பெல்ஸ் வேண்டாம், ஏனென்றால் எடைக் கணக்கில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

“10 கிலோ டம்பெல்ஸ்” என்று எழுதினால் ஒன்று 10 கிலோவா, ஜோடி சேர்ந்து 10 கிலோவா? கடையில் இரண்டு விதமாகவும் சொல்வார்கள். வார்த்து வரும் டம்பெல்லில் பொறித்திருக்கும் எண் ஒன்றின் எடை. தகடு மாட்டும் செட்டில் ‘20 கிலோ செட்’ என்றால் பெரும்பாலும் தகடுகளின் மொத்தம். கம்பியும், தகடு கழலாமல் பிடிக்கும் பூட்டும் அதில் சேர்த்தியா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டும். ஜோடியாகப் பிரித்தால் கைக்கு 10 கிலோ தகடு, பக்கத்துக்கு 5 கிலோ. கம்பியின் எடை தனி. பயிற்சி அட்டவணையில் பாதியை இரட்டிப்பாகப் படித்துவிட்டால் முதலில் போவது தோள்.

தகட்டின் துளையையும் ஒரு வரி குறிப்பிடுங்கள். 50 மில்லிமீட்டர் துளைத் தகடு மெல்லிய கம்பியில் நுழைந்துவிடும், ஆனால் ஆடும், தலைக்கு மேல் தூக்கும்போது பூட்டைத் தளர்த்திவிடும். பிவிசி உறைக்குள் சிமெண்ட் அடைத்த தகடு விளிம்பில் விரிசல் விட்டால் தூள் கொட்டும், எடையும் குறையும், ஒரு பக்கம் இலேசாகும். பழைய மணல் உருண்டையில் இருந்த அதே கோளாறு.

#21 செவ்வந்தி

எல்லோருக்கும் நன்றி. சொல் விளக்கப் பகுதியில் இப்படி வைக்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்:

“டம்பெல்: நடுவில் பிடியும் இரு முனையிலும் சம எடையும் உள்ள கைக்கருவி. தேவாலய மணி அடிக்கும் முறையைப் பின்பற்றி, மணி இல்லாமல், உடற்பயிற்சிக்காக இங்கிலாந்தில் செய்த கயிற்றுப் பொறியின் பெயர் 18-ஆம் நூற்றாண்டில் இதற்கு வந்தது.”

பயிற்சிப் பகுதியில்: “கைக்கு ஒன்றாக 5 கிலோ டம்பெல் இரண்டு எடுத்துக்கொள்ளவும் (மொத்தம் 10 கிலோ).”

#22 எடைப்படி

முதல் குறிப்பில் ஒரு திருத்தம். “18-ஆம் நூற்றாண்டில்” என்பதை “1711-க்கும் 1801-க்கும் இடையில்” என்று மாற்றுங்கள். சான்று அந்த இரண்டு ஆண்டுகளில்தான் இருக்கிறது.

#23 இரும்புப்பட்டறை

இரண்டாவது சரி. அடைப்புக்குள் இருக்கும் மொத்த எடையை எந்தப் பயிற்சியிலும் விட்டுவிடாதீர்கள். ஒரே டம்பெல்லை இரு கையாலும் பிடிக்கும் பயிற்சி வந்தால் “ஒன்று மட்டும்” என்று எழுதுங்கள்.